வயலை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்ட மகளுக்கு

உப்பிக்,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உன் தாய்மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் காப்பி இலைக் கஷாயம் குடிக்கக் கடைக்குப் போயிருக்கிறார். போனால் மக்ரிப் பாங்கு சொல்லும்வரை வர மாட்டார். அதனால் நிதானமாக எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், அவருக்கும் சேர்த்துத்தான் இது.

ஜகார்த்தா பக்கம் பெக்காசியில் வீடு வாங்க முன்பணம் குறைகிறது, வாய்க்கால் ஓரத்து வயலை உன் பேருக்கு மாற்றிக் கொடுத்தால் பாங்கில் வைத்துப் பணம் புரட்டலாம் என்கிறாய். எனக்கு மனசில்லை என்று நினைத்துவிடாதே. அதை எழுதிக் கொடுக்கிற அதிகாரம் எனக்கே கிடையாது.

மாப்பிள்ளை ஜாவாக்காரர். அவர்கள் பக்கம் பெற்றோர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்வார்கள், அவரவர் பங்கை அவரவர் விற்பார்கள். அந்தக் கணக்கில் அவர் கேட்பதில் தப்பே இல்லை. நம் மினாங்காபாவ் வழக்கம் வேறு. இது பெண்வழிச் சொத்து. பாட்டி, அவளுக்குப் பின் அம்மா, அப்புறம் நானும் உன் சின்னம்மாவும், எங்களுக்குப் பின் நீயும் அவள் பெண்களும். உழுது சாப்பிடலாம், விற்க முடியாது. மாமா குடும்பத்துக்குத் தலைவர்தான், ஆனால் அவருக்கும் அது காவல் வேலைதான். விளைச்சல் அவர் வீட்டுக்குப் போவதில்லை. உன் அப்பாவையே எடுத்துக்கொள். கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தச் சேற்றில் நின்றவர். மௌத்தாகும்வரை ஒரு தடவைகூட ‘என் வயல்’ என்று சொன்னதில்லை. யாராவது கேட்டால் ‘பிள்ளைகளுடைய வயல்’ என்பார்.

அவர் சம்பாதித்து வாங்கிய லவங்கப்பட்டைத் தோட்டம் வேறு. 1952-ல் புக்கிட்டிங்கியில் ஆலிம்களும் குலத்தலைவர்களும் படித்தவர்களும் கூடிப் பேசி, மூத்தோர் சொத்து வழக்கப்படி, சொந்தமாகச் சம்பாதித்தது ஷரீஅத்படி என்று முடிவெடுத்தார்கள். ஆக, தோட்டத்தில் உன் அண்ணனுக்கு இரண்டு பங்கு என்றால் உனக்கு ஒன்று. விற்க வேண்டுமானால் அவனிடம் பேசு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். எட்டில் ஒரு பங்கு எனக்கு உண்டு, அதை மட்டும் கேட்பேன், சொல்லிவிட்டேன். ஆனால் மரங்கள் இளசு. பட்டை உரிக்க மரத்தையே வெட்டித்தான் ஆக வேண்டும். இப்போது வெட்டினால் மெல்லிசான பட்டைதான் வரும், வியாபாரி அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான்.

வயலை விற்கக் கூடாது, சரி. ஒத்தி வைக்கலாமே என்று நீ கேட்பாய். அதற்கும் வழக்கத்தில் நாலே காரணம்தான். வீட்டில் மய்யித்து கிடந்து அடக்கச் செலவுக்கு வழியில்லை. வயசுக்கு வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. குலத்தின் பெரிய வீட்டுக் கூரை ஒழுகுகிறது. குலத்தலைவர் பட்டம் ஆளில்லாமல் கிடக்கிறது, அதைத் தூக்கி நிறுத்த வேண்டும். பெக்காசியில் முன்பணம் இந்த நாலில் எதில் வரும், நீயே சொல்.

உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். பள்ளிவாசலுக்குக் கீழே இருக்கிற துண்டு வயலும் நம்முடையதுதான். உன் பாட்டி காலத்தில் கூரை ஒழுகி, ஈச்ச நார் போல இருக்குமே அந்தக் கறுப்பு நார்க் கூரையைப் பிரித்துத் தகரம் போட்டார்கள். அந்தச் செலவுக்கு இருபது எமாஸுக்கு ஒத்தி வைத்தார்கள். ஒரு எமாஸ் இரண்டரை கிராம் தங்கம், ஆக ஐம்பது கிராம். பணக்கணக்கில் வைத்திருந்தால் இன்றைக்கு ஒரு சின்னக் கோழிப் பண்ணையின் விலைகூட ஆகாது. தங்கத்தில் வைத்ததால், தங்கம் விலை ஏற ஏற அந்த வயல் எட்டாமல் போகிறது. ஒத்தி பிடித்தவர்களின் பேரன்தான் இப்போது அதில் நட்டு அறுக்கிறான்.

1960-ல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வருஷத்துக்கு மேல் ஒத்தியில் கிடந்த நிலத்தை ஒரு காசு வாங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம் என்று டவுனில் ஒரு வக்கீல் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா சிரித்துவிட்டு வந்துவிட்டார். வாங்கிய தங்கத்தைக் கொடுக்காமல் வயலைப் பிடுங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை அதே வரிசையில் அவர்கள் தோளோடு தோள் சேர்ந்து எப்படி நிற்பது? எனக்கும் அவர் செய்தது சரி என்றுதான் படுகிறது. வீட்டில் நான் மாமாவோடு ஒத்துப்போகிற விஷயங்கள் கொஞ்சம்தான், இது அதில் ஒன்று.

குடும்பத்தில் யாராவது அந்த ஐம்பது கிராமைக் கொடுத்து மீட்டால், மற்றவர்கள் அவருக்குத் திருப்பும்வரை விளைச்சல் அவர் கைக்குப் போகும். வாரத்துக்கு விட்டால் பாதி நெல். ஜகார்த்தாப் பணத்தில் நீ மீட்க மாட்டாயா என்று சின்னம்மா ஒரு நாள் கேட்டாள். வீட்டுக்கே திண்டாடுகிறவளிடம் இதைக் கேட்காதே என்று நான் அடக்கிவிட்டேன். இருந்தாலும் உன் காதில் போட்டு வைக்கிறேன்.

பட்டா விஷயம் இன்னொன்று. அரசாங்கம் 2017-லிருந்து ஊர் ஊராக மொத்தமாக அளந்து பட்டா கொடுக்கிறது. நம் வயலுக்கும் வாங்கலாம், ஆனால் உன் பேரில் தனியாக இல்லை, குலத்தின் பேரில். அதற்கு ரஞ்சி வேண்டும். பாட்டிக்குப் பாட்டியிலிருந்து இறங்கி வருகிற வம்சாவளி. மாமா ஒரு பெரிய தாளில் எழுதி வைத்திருக்கிறார். பெண்களுக்கு ஒரு மை, ஆண்களுக்கு ஒரு மை. உன் பேருக்குக் கீழே உன் மகள் பேரும் ஏறிவிட்டது. மாப்பிள்ளை பேர் அதில் இருக்காது, வருத்தப்பட வேண்டாம் என்று சொல். உன் அப்பா பேரும் இல்லை. நகரியின், அதாவது நம் ஊரின், வழக்கச் சபைக்குப் போகும் முன் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். உன்னுடையது ஒன்றுதான் பாக்கி. அதனால் இந்த நோன்புப் பெருநாளுக்கு நீ வந்தே ஆக வேண்டும்.

வயல் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே. 2023 டிசம்பரில் மராப்பி எரிமலை வெடித்து, மலையேறப் போன 24 பிள்ளைகள் செத்தார்கள். அந்தச் சாம்பல் நம் மிளகாய்ச் செடியில் மாவு தூவினாற்போல் படிந்தது. கழுவக் கழுவ இலை கருகியது. அடுத்த வருஷம் மே 11 ராத்திரி பெய்த மழையில் மேலே கிடந்த சாம்பலும் பாறையும் ஆற்றோடு இறங்கின. அறுபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். நமக்கு உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். மேல் வாய்க்காலில் மட்டும் மணலும் கல்லும் அடைத்துவிட்டது. ஊரே மண்வெட்டியோடு இறங்கி அள்ளியது. மடைக்கு நடுவில் கிடந்த ஒரு பாறையை மட்டும் அசைக்க முடியாமல், வாய்க்காலையே அதைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். இப்போது தண்ணீர் வருகிறது. இந்தப் போகம் கண்டுமுதல் மோசமில்லை.

பெருநாளுக்குப் பின் தோது பட்டால் பேத்தியை மாட்டுப் பந்தயத்துக்குக் கூட்டிப்போகலாம். அறுத்த வயலில் சேறு தெறிக்க இரண்டு மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடி, வேகம் போதாவிட்டால் வாலைக் கடிக்கிறார்களே, அதைப் பார்த்து அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க எனக்கு ஆசை.

பயணத்துக்கு இப்போதே ஏற்பாடு செய். பஸ்ஸில் வருவதானால் மெராக்கில் கப்பல் ஏறி பக்காவுஹேனியில் இறங்கி, அங்கிருந்து சுமத்ரா முழுக்க ஆடி ஆடி வர வேண்டும். பெருநாள் நெரிசலில் ஒன்றரை நாளில் வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம். குழந்தையை வைத்துக்கொண்டு வேண்டாம். விமானத்தில் பாடாங்குக்கு வா, காலை விமானமாகப் பார். அங்கிருந்து வாசல்வரை கொண்டுவிடும் வாடகைக் காரில் ஒரு இடம் சொல்லி வைக்கிறேன். லெம்பா அனாய் பாதை அந்த மே மாத வெள்ளத்தில் அறுந்து, அந்த வருஷம் ஜூலையில்தான் திறந்தார்கள். அடைமழை என்றால் எனக்கு இன்னும் பயம்தான். மூடியிருந்தால் டிரைவர் சித்திஞ்சாவ் லாவிக் மலைப்பாதையில் ஏறி சோலோக் வழியாக வருவார். அந்த வளைவுகளில் லாரிகள் ஊர்ந்துதான் ஏறும், பாலிதீன் பை கையில் இருக்கட்டும். அப்படி வந்தால் சிங்காராக் ஏரிக்கரையில் பொரித்த பிலி மீன் ஒரு பொட்டலம் வாங்கி வா.

வந்ததும் மாமாவிடம் வயல் பேச்சை எடுக்காதே. முதல் நாள் சாப்பாடு, இரண்டாம் நாள் அவர் முட்டிவலி. மூன்றாம் நாள் அவரே ரஞ்சியை விரிப்பார். வீட்டுக் கடன் விஷயத்தையும் அப்போது சொல். அண்ணனும் இருப்பான், தோட்டத்தைப் பற்றியும் பேசி முடித்துவிடலாம். உன் அடையாள அட்டை, குடும்ப அட்டை இரண்டுக்கும் ஜெராக்ஸ் எடுத்து வா, இங்கே மெஷின் கெட்டுக் கிடக்கிறது. மாமாவுக்குச் சட்டை எதுவும் வாங்காதே. போன தடவை வாங்கியது மடிப்புக் கலையாமல் பெட்டியில்தான் இருக்கிறது.

அமாக்