இபெலினும் பத்து கிராம் ஸ்விட்ச்சும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தசைநோயோடு வாழ்ந்த நார்வே இளைஞர் மாட்ஸ் ஸ்டீன், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற இணையக் கணினி விளையாட்டில் இபெலின் என்ற பாத்திரமாக ஆடியதைச் சொல்லும் இபெலின் ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். இறந்துபோனவருடைய ஆட்டத்தை எப்படிப் படமாக்கினார்கள்? விரல் மட்டும் அசைகிற ஒருவர் எப்படி ஆடினார்?

முதலாவதற்கு விடை, எழுத்து. மாட்ஸ் ஸ்டீன் 2014 நவம்பரில், 25 வயதில் இறந்தார். அவர் இருந்த ஸ்டார்லைட் கில்டு வேடமேற்று ஆடும் கூட்டம். அதில் வாள்வீச்சைவிடப் பேச்சுதான் அதிகம், பேச்செல்லாம் தட்டச்சு. அப்படிச் சேர்ந்திருந்தது சுமார் 42,000 பக்கம். ‘தலையாட்டினான்’, ‘கட்டிக்கொண்டான்’ என்று ஆடுகிறவர்களே எமோட் வரி, அதாவது செய்கையைச் சொல்லும் வரி, எழுதிவிடுவதால் திரைக்கதைக் குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கும். இயக்குநர் பெஞ்சமின் ரே அதை எடுத்து, ஆட்டத்தின் உருவங்களையே வைத்து அனிமேஷன் செய்து, நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்தார். வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனத்திடம் அனுமதி கேட்டது படம் பெரும்பாலும் முடிந்த பிறகு. துணிச்சல்தான்! 2024 சண்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருதும் வந்தது. எனக்குப் பிடித்தது வேறு: மாட்ஸ் எரிந்து விழுந்த, நண்பர்களைப் புண்படுத்திய பகுதிகளையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். அது இல்லையென்றால் அஞ்சலிப் படமாகப் போயிருக்கும்.

நீயும் உன் ஆட்டப் பேச்சைச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால், வார்கிராஃப்டில் சாய்கோடு போட்டு ‘சாட்லாக்’ என்று அடி. லாக்ஸ் ஃபோல்டரில் டெக்ஸ்ட் கோப்பாகச் சேரும். ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் மறுபடி போட வேண்டும். மறந்தால் அன்றைய பேச்சு போச்சு.

இரண்டாவது கேள்வியைப் படம் மேலோட்டமாகத்தான் தொடுகிறது. நீ சொன்ன பையனுக்கும் உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். மாட்ஸுக்கு இருந்த டூஷென் தசைச்சிதைவு நோயில் இடுப்பும் தொடையும் தோளும் முதலில் போகும். விரல்களில் கொஞ்சம் அசைவு நெடுநாள் மிஞ்சும். மவுஸை நகர்த்துவது விரல் வேலை என்று நினைக்கிறோம், உண்மையில் முன்கையைத் தூக்கி இழுப்பது தோள். அதனால் முதலில் முன்கை முழுவதையும் தாங்கும் பலகை வேண்டும், கை எடையை ஆள் சுமக்கக் கூடாது. பிறகு பாயின்டர் வேகத்தைக் கூட்டு, அரை அங்குல அசைவிலேயே திரையைக் கடக்கட்டும். அப்படியும் முடியாவிட்டால் டிராக்பால், அதாவது மேலுள்ள உருண்டையை விரலால் உருட்டும் மவுஸ்.

விசை அழுத்தம் அடுத்த தொல்லை. மெக்கானிக்கல் கீபோர்டின் சிவப்பு ஸ்விட்சே சுமார் 45 கிராம் கேட்கும். 10 கிராமில் இயங்கும் தனி ஸ்விட்ச்சுகள் உண்டு. அவற்றை, உடல் இயலாதவர்களுக்காகச் செய்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்ற பெட்டியில் சொருகலாம். பின்பக்கம் 3.5 மி.மீ. துளைகள் 19, பக்கவாட்டில் ஜாய்ஸ்டிக்குக்கு யுஎஸ்பி இரண்டு. அது வந்ததே 2018இல்தான், மாட்ஸுக்குக் கிடைக்கவில்லை. வார்கிராஃப்டில் இதைச் சொருகியதும் ஒன்றும் நடக்காது, பெட்டி கெட்டுவிட்டதென்று நினைத்துவிடாதே. சாய்கோடு போட்டு ‘கன்சோல் கேம்பேட்எனேபிள் 1’ என்று கட்டளை கொடுத்தால்தான் ஆட்டம் அதைக் கவனிக்கும். எந்த பட்டனுக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்க கன்சோல்போர்ட் என்ற ஆட்-ஆன் (துணை நிரல்) உண்டு.

ஷிப்ட், கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தும் விசைகளை எல்லாம் ஒற்றை விசைக்கு மாற்று. விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் (சேர்த்து அழுத்த வேண்டியதை ஒவ்வொன்றாக அழுத்தவிடும் வசதி) உதவும் என்பார்கள், ஆனால் ஷிப்டை ஐந்து தடவை தட்டினால் அதை இயக்கவா என்று கேட்கும் பெட்டி திரையில் சண்டை நடுவே வந்து நிற்கும், அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடு. கிளிக் செய்த இடத்துக்கு நடக்கும் வசதி ஆட்டத்திலேயே இருக்கிறது. மேக்ரோவில், அதாவது ஒரு விசைக்கு நாமே எழுதி வைக்கும் கட்டளையில், காஸ்ட்சீக்வென்ஸ் போட்டால் ஒரே விசை ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த மந்திரத்துக்குப் போகும். ஒரு தட்டில் பல வேலை செய்யும் கருவி மட்டும் வேண்டாம், கணக்கை முடக்குவார்கள்.

ஸ்விட்ச் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே விரலுக்கு எட்டாது. வெல்க்ரோவில் ஒட்டி, சுற்றி டேப்பால் கோடு போட்டு வை, உதவிக்கு வருகிறவர் மாறினாலும் அதே இடத்தில் வைப்பார். சோதிப்பதைக் காலையில் செய்யாதே, களைத்த மாலையில் செய். குளிரில் விரல் இன்னும் மந்தமாகும்.

நீ சொன்ன பையனுக்கு இப்போதே எதுவும் வாங்காதே. எந்த விரல், எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று ஒரு வாரம் பார்த்து எழுது. அதற்கேற்ற பட்டியல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
மணி