மதியம் வீணாகுற சோலார் கரண்ட்டை சாயங்காலத்துக்கு சேர்த்து வைங்க: மின் விநியோக அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்,

நேத்து மதியமும் எங்க மாடி சோலார் நின்னுபோச்சு. மேகம் இல்ல, பேனல்ல தூசி இல்ல, வெயில் மண்டையப் பொளக்குது, பேனல் கரண்ட்டை லைனுக்கு மாத்திக் குடுக்கிற இன்வெர்ட்டர்ல மட்டும் சிவப்பு லைட் எரிஞ்சு "கிரிட் ஓவர் வோல்டேஜ்"னு, அதாவது லைன்ல வோல்டேஜ் வரம்பு மீறிடுச்சுன்னு காட்டுது, உற்பத்தி ஜீரோ. கொஞ்ச நேரத்துல தானா சேரும், மறுபடி கழண்டுக்கும். ராத்திரி அதே லைன்ல வோல்டேஜ் விழுந்து ஃபேன் றெக்கைய எண்ணிரலாம் போல சுத்துச்சு, அப்புறம் மொத்தமா கரண்ட் கட்.

காரணம் உங்களுக்கே தெரியும். எல்லா மாடியும் ஒரே நேரத்துல லைனுக்குள்ள தள்ளுது, அந்த நேரம் செலவழிக்க ஆள் இல்ல, வோல்டேஜ் ஏறுது, வரம்பைத் தாண்டினதும் இன்வெர்ட்டர் தானா கழண்டுக்குது, டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து தூரமா லைன் கடைசியில இருக்கிற வீடுதான் முதல்ல அடிபடுது. புகார் சொன்னா வந்து டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை, அதாவது வோல்டேஜை கூட்டிக் குறைக்கிற அமைப்பை, ஒரு படி இறக்கிட்டுப் போறாங்க. மதியம் சரியாகுது, ஆனா சாயங்காலம் வோல்டேஜ் இன்னும் மோசமாகுது. டேப்பை வெச்சு ரெண்டையும் சரிபண்ண முடியாதுங்க, நடுவுல சேமிக்க ஒண்ணு வேணும். அதனாலதான் கேக்குறோம்: லைன் கடைசியில, எல்லாருக்கும் பொதுவா ஒரு பேட்டரி வைங்க. மதியம் உறிஞ்சிக்கட்டும், சாயங்காலம் திருப்பிக் குடுக்கட்டும்.

சேமிச்சா நஷ்டம்ங்கறீங்க. லித்தியம் பேட்டரியில 100 யூனிட் போட்டா சுமார் 85 யூனிட்டாவது திரும்ப வருது, தண்ணிய மேல ஏத்தி இறக்குற பம்ப்டு ஸ்டோரேஜ்ல 70-80 வருது. இன்வெர்ட்டர் கழண்டு நின்னா 100-ம் போச்சு. அந்த நஷ்டம் எந்த பில்லுலயும் வராததால அது நஷ்டமே இல்லன்னு ஆயிடுமா?

புது டெக்னாலஜி, பொறுத்திருந்து பாப்போம்னும் சொல்றீங்க. தெற்கு ஆஸ்திரேலியாவுல 2016-ல மாநிலமே இருட்டாச்சு, அடுத்த வருஷமே அங்க ஹார்ன்ஸ்டேல்ங்கற இடத்துல 100 மெகாவாட் பேட்டரி வெச்சு ஓட்டிட்டாங்க. பம்ப்டு ஸ்டோரேஜ் நூறு வருஷத்துக்கும் மேல பழசு. தீப்பிடிக்கும்ங்கற பயம் நியாயம்தான், அதுக்குத்தான் சூடு தாங்குற எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி வகை இருக்கு, இடைவெளி விட்டு வைக்கிற விதிமுறை இருக்கு.

இன்னொண்ணு, திட்டம் அறிவிக்கும்போது மெகாவாட், அதாவது எவ்வளவு வேகமா குடுக்கும்ங்கறதை மட்டும் சொல்லாதீங்க, எத்தனை மணி நேரம் தாங்கும்னு சொல்லுங்க. ஹார்ன்ஸ்டேல் ஆரம்பத்துல மொத்தமா சேர்த்து வெச்சது 129 மெகாவாட்-ஹவர்தான், முழு வேகத்துல ஒண்ணேகால் மணி நேரம். திடீர்னு ஒரு மின் நிலையம் நின்னுபோனா பிடிச்சு நிறுத்த அது அருமை, ஆனா சூரியன் இறங்கி ஊர் தூங்குற வரைக்கும் ஓட்டணும்னா நாலு மணி நேரமாவது வேணும். பேனல் போடுங்க போடுங்கன்னு மட்டும் சொல்லிட்டு, சேமிப்பை மட்டும் அவங்கவங்க வீட்டுல பாத்துக்கட்டும்னு விட்டா, வசதி இருக்கறவன் வீட்டுல மட்டும்தான் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்.

கோபத்துல அதிகம் பேசியிருந்தா மன்னிச்சிருங்க. தயவுசெஞ்சு எந்தெந்த லைன்ல மதியம் வோல்டேஜ் வரம்பைத் தாண்டுதுன்னு மீட்டர் பதிவை எடுத்துப் பாருங்க, அதுல ரொம்ப மோசமான லைன்ல முதல் பொது பேட்டரிய வைங்க, எப்ப வைப்பீங்கன்னு ஒரு தேதி சொல்லுங்க.

இப்படிக்கு,
லைன் கடைசியில இருக்கிற ஒரு நுகர்வோர்