டெல்லிக் குளிரும் கால் அரிப்பும்

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ராத்திரியெல்லாம் கால் அரித்துத் தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குக் கவலை. டெல்லிக் குளிர், அறையில் ஹீட்டர் வேறு. நம் வயதில் தோலில் எண்ணெய்ப் பசையும் குறைந்துவிடும். போன வருஷம் எனக்கும் முழங்காலுக்குக் கீழே இப்படித்தான். நகம் பட்டால் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு விழும். தோல் டாக்டர் சொன்னபடி செய்தேன், நன்றாகவே கேட்டது.

குளித்ததும் அழுத்தித் துடைக்காதே. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள், 3 நிமிஷத்துக்குள் க்ரீம் தடவிவிடு. க்ரீமில் இருக்கிற கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பெட்ரோலியம் ஜெல்லி அதைப் போகவிடாமல் மூடிவைக்கும். காய்ந்த தோலில் தடவினால் பாதிப் பலன்தான். அப்புறம், ஓடுகிற லோஷனில் தண்ணீர்தான் அதிகம். அந்தக் குளிருக்குப் போதாது. வாசனை இல்லாத கெட்டி க்ரீமாக வாங்கு. குதிகால் வெடிப்புக்கு 10 சதவீத யூரியா க்ரீம் நல்லது, ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் எரியும்.

கீசர் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளாதே. இதமாகத்தான் இருக்கும், ஆனால் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பாக 10 நிமிஷம் போதும். இன்னொன்று, க்ரீம் ஊறிய புடவையோடு ஹீட்டர் பக்கத்தில் உட்காராதே. சட்டென்று தீப்பிடிக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் அரிப்பு என்று சொன்னால் ஏதாவது ஒரு ட்யூபை நீட்டுவார்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு சீக்கிரம் அடங்கும். அதை நம்பி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும், படை இருந்தால் இன்னும் பரவும். டாக்டர் எழுதித் தராமல் தொடாதே சரோஜா, கெஞ்சிக் கேட்கிறேன்.

2 வாரம் தடவியும் நிற்கவில்லை என்றால் டாக்டரைப் பார்த்துவிடு. தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் சர்க்கரை, கிட்னி, ஈரல், தைராய்டு இதில் ஏதாவது காரணமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மகனுக்கு வேலை அதிகம் என்று சொல்லாமல் இருந்துவிடாதே.

பங்குனியில் எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? டிக்கெட் போட்டதும் எழுது.

அன்புடன்,
மீனாட்சி