வைஃபையை அணைப்பதற்கு முன் நேரம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் இரவில் கணினியில் விண்வெளிச் சண்டை போடுவதைப் பற்றிச் சென்ற வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். பத்து மணியானால் வைஃபையை அணைத்துவிடுங்கள், சுடுவதற்கு விரல் போதும், மூளை வேண்டாம் என்று முடித்திருந்தார். பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி அவர் கவலைப்படுவது நியாயம். விரலைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு மனத்தாங்கல். சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கொள்கலன்களுக்கு இடம் ஒதுக்கும் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். 2010 முதல் ஈவ் ஆன்லைன் விளையாடுகிறேன்.

ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று உருவாக்கி, 2003இல் வெளிவந்த விளையாட்டு அது. ஆயிரக்கணக்கானோர் கூட்டணி சேர்ந்து நட்சத்திர மண்டலங்களைப் பிடிப்பார்கள், இழப்பார்கள். அதில் சுடுவது கடைசி வேலை. எதிரியின் விண்வெளி நிலையத்தை அடித்தால் அது உடனே விழாது. கவசம் தீர்ந்ததும் யாரும் அடிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். மறுபடி எந்த நேரத்தில் திறக்கும் என்பதைச் சொந்தக்காரர் முன்பே குறித்து வைத்திருப்பார். விவரம் தெரிந்தவர், தம் ஆட்கள் விழித்திருக்கும் நேரமாக, எதிரி தூங்கும் நேரமாகப் பார்த்துக் குறிப்பார். ஐரோப்பாவில் இரவு 8 மணி என்றால் நமக்கு விடியற்காலை 2 முதல் 4 மணி ஆகிவிடும். ஐரோப்பா தூங்கும் நேரத்தில் நாம் விழித்திருப்போம். பெரிய கூட்டணிகள் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா ஆட்களை விரும்பிச் சேர்ப்பது இதனால்தான். மதிலை முற்றுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். நொச்சி எவ்வளவு கணக்குப் பார்க்கும் வேலை என்பது அந்த நேரக் குறிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சண்டை தொடங்கிய பிறகும் அவரவர் இஷ்டத்துக்குச் சுட முடியாது. ஒரு படையில் 256 பேர் வரை இருக்கலாம். கமாண்டர் பெயர் சொல்லும் கப்பலை எல்லாரும் சேர்ந்து அடிக்க வேண்டும். ஆளுக்கொரு கப்பலை அடித்தால் எதிரியின் பழுதுபார்க்கும் கப்பல்கள் ஒவ்வொன்றையும் தேற்றிவிடும். எல்லாரும் ஒன்றையே அடித்தால், தேற்ற வருவதற்குள் அது போய்விடும். அவ்வளவு பேர் வாயை மூடிக்கொண்டு ஒருவர் பேச்சைக் கேட்பதை நான் அலுவலகக் கூட்டங்களில்கூடப் பார்த்ததில்லை.

என் வேலை வேவு. சென்ற ஆண்டு ஓர் இரவு, ஈசூன் வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறை மேசையில், மறைந்து நிற்கும் சின்னக் கப்பலில் மண்டலம் விட்டு மண்டலம் போகும் ஒரு வாயிலருகே மூன்று மணி நேரம் காத்திருந்தேன். கையில் என் மகளின் பழைய பள்ளி நோட்டு. கப்பல் கடந்து வாயில் பளிச்சிடும்போதெல்லாம் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. நாற்பது வரை போர்க்கப்பல்கள். அப்புறம் ஏழு சரக்குக் கப்பல்கள், எல்லாமே எதிரி நிலையத்திலிருந்து வெளியே போகிறவை. காக்க நினைக்கிறவன் சரக்கை உள்ளே கொண்டுவருவான். இவர்கள் காலி செய்கிறார்கள் என்று சொன்னேன். கமாண்டர் உடனே பாதிப் படையை நிலையத்தை விட்டு அவர்கள் போகும் வழிக்கு அனுப்பினார். பக்கத்தில் தே-ஓ, பாலில்லாத தேநீர், ஆறிப்போயிருந்தது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

2014இல் சீனப் புத்தாண்டு வந்த வாரம், ஜனவரி 27, 28 தேதிகளில் 21 மணி நேரம் நடந்த சண்டையில் 75 டைட்டன்கள் அழிந்தன. விளையாட்டில் மிகப் பெரிய கப்பல்கள் அவை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். கூட்டம் சேரச் சேரச் சர்வர் காலத்தையே மெதுவாக்கும். பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஒரு நிமிட வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். தூங்கி எழுந்தவர்களும் வேலை முடிந்து வந்தவர்களும் துணைக்கு வந்து சேர அந்த மெதுவே இடம் கொடுத்தது. இத்தனைக்கும் தொடக்கம், சண்டை நடந்த மண்டலத்தைத் தக்கவைக்கக் கட்ட வேண்டிய கட்டணம் கட்டப்படாமல் போனது. 2009இல் ஒரு பெரும் கூட்டணி ஒரு குண்டுகூட இல்லாமல் கலைந்தது. உள்ளே பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரிப் பக்கம் போய், தம் கையில் இருந்த அதிகாரத்தாலேயே அதைக் கலைத்தார். யாரிடம் சாவியைக் கொடுப்பது என்பதை இந்த விளையாட்டில் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இனி வைஃபைக்கு வருகிறேன். சண்டை நடுவே இணைப்பை அறுத்தால் கப்பல் உடனே மறையாது. எதிரியோடு மோதிக்கொண்டிருந்தால் 15 நிமிடம் போல ஆளில்லாமல் விண்வெளியிலேயே நிற்கும். உங்கள் பிள்ளை பழுதுபார்க்கும் கப்பலில் இருந்தால், அவனை நம்பி முன்னே போனவர்களும் சேர்ந்து சாவார்கள். மறுநாள் அவன் முகம் தூக்கி வைத்திருப்பது பிடிவாதத்தால் இல்லை, வெட்கத்தால்.

தினமும் நம் நேரப்படி மாலை 7 மணிக்குச் சர்வரைச் சில நிமிடம் நிறுத்துவார்கள். அப்போது சாப்பிட உட்காருங்கள். "இன்றைக்குச் சண்டை எத்தனை மணிக்குய்யா?" என்று கேளுங்கள். ஒன்பது மணிக்கு என்றால் விடுங்கள், முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். விடியற்காலை 3 என்றால் கூடாது என்று சொல்லுங்கள், நானும் அதையேதான் சொல்வேன். அவன் கூட்டணியில் முன்பே சொல்லிவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடுவார்கள். எங்கள் படையில் பள்ளிப் பிள்ளைகள் வர முடியாமல் காலியாகும் இடத்துக்கு நானே பலமுறை போயிருக்கிறேன். மறுநாள் இரவு ஷிஃப்டாக இருந்தால் எனக்கு அது சிரமமே இல்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்