அரிசி இருந்தது, சட்டி இல்லை: ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு நகரத்திலிருந்து படகேறி வந்த கிறிஸ்தவக் கோயில் உதவிக் குழுவினருக்கும், அவர்களுக்குப் பின்னால் நின்று காசும் பொருளும் தந்த எல்லோருக்கும்,

வணக்கம்.

தைப்பொங்கலும் முடிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். பிந்திவிட்டது, குறை நினைக்காதீர்கள். பெயர்களைப் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டதால் ஒரு பெயரும் எழுதவில்லை. பாதர், சிஸ்டர், லொறித் தம்பி என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் விளங்கும்.

2024 நவம்பர் கடைசிக் கிழமை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தத் தாழமுக்கம் புயலாக மாறுவதற்கு முன்னமே எங்களை முக்கி எடுத்துவிட்டது. முந்தனையாறு பெருகினால் கிரானில் பாதை முங்கும். பாதை முங்கினால் வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரைப் பக்கம் தீவுதான். 25ஆம் திகதி தொடங்கிய உயர்தரப் பரீட்சையை 27ஆம் திகதியிலிருந்து நிறுத்தினார்கள். எங்கள் ஊரில் அதை எழுதிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பிள்ளைகள். அனுமதி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாடசாலை மண்டபத்தில் படுத்த பிள்ளை என் மகள்.

உலர் உணவுப் பொதிகள் நீங்கள் வருவதற்கு முதலே வந்துவிட்டன. தந்தவர்களுக்கு அதற்கும் நன்றி. பெனர் சரிந்துவிட்டது என்று சொல்லி, கொடுத்த பொதியைத் திருப்பி வாங்கி இரண்டாந்தரம் கொடுத்துப் படமெடுத்தவர்களும் உண்டு. யாரென்று எழுதமாட்டேன், அவர்களும் தந்தார்கள்தானே. ஆனால் ஒரு வீட்டில் மூன்று பொதி, பதினைந்து கிலோ அரிசி. அடுப்பில் வைக்க ஒரு சட்டி இல்லை, காய்ந்த விறகு இல்லை, நெருப்புப்பெட்டி ஊறிக் கிடக்கிறது. அரிசியைப் பார்த்துக்கொண்டு பாண் தின்றோம்.

டிசம்பர் 1, ஞாயிறு, நீங்கள் வந்தீர்கள். அது கிறிஸ்மஸுக்கு முந்திய உங்கள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு என்று பிறகுதான் அறிந்தேன். பூசை முடிந்த கையோடு படகேறியிருக்கிறீர்கள். கையில் பொதி ஒன்றும் இல்லை, சிஸ்டரிடம் ஒரு சீ.ஆர். கொப்பி மட்டும். எங்களுக்கு ஆத்திரம் வந்தது உண்மை. மேலத்தெருப் பெத்தா (பாட்டி) வாயைத் திறந்து கேட்டேவிட்டார்: "இன்னுமொரு கணக்கெடுப்பா மனே? எங்கட தலையை எண்ணி எண்ணியே உங்கட விரல் தேயப்போகுது."

பாதர் சிரித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "அரிசி இருக்கெண்டா வேற என்ன வேணும் பெத்தா?"

"ஒரு சட்டி. மறுகா என்ர பாக்குரலும் வெள்ளத்தோட போயிற்று. அதையும் எழுது பாப்பம்."

பாக்கு இடிக்கிற சின்ன உரல்தானே, பகிடிக்குத்தான் சொன்னார். சிஸ்டர் எழுதினார்.

அன்று ஒவ்வொரு வீடாகப் போய் எதெது வேண்டும் என்று எழுதினீர்கள். ஒரு வீட்டுக்கு நாலு தகரமும் ஆணியும், ஒரு வீட்டுக்குச் சைக்கிள் டியூப், இடியப்பம் அவித்து விற்கிற தங்கச்சிக்கு உரலும் தட்டும், கைப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பால்மா, நுளம்பு வலை. பெண்பிள்ளைகளைச் சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நப்கின் வேண்டும் என்பதை அவர்கள் எந்த வரிசையில் நின்று கேட்பார்கள்? பரீட்சைப் பிள்ளைகள் மூவரையும் திரும்புகிற படகிலேயே ஏற்றிக்கொண்டு போனீர்கள். 4ஆம் திகதி பரீட்சை மறுபடி தொடங்கியபோது, கன்னியர் மடத்தில் விடிய எழுப்பித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மகள் இப்போதும் அந்தத் தேத்தண்ணிக் கதையைத்தான் சொல்கிறாள், வினாத்தாள் கதையைச் சொல்கிறாளில்லை.

அடுத்த ஞாயிறு உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் வந்தது. பைகளில் வீட்டு இலக்கம் எழுதியிருந்தது. பெத்தாவின் பையில் சட்டி, அகப்பை, அடியில் கடதாசி சுற்றிய ஒரு சின்ன இரும்புப் பாக்குரல். அத்தியாவசியப் பொருள் என்று யாருடைய பட்டியலில் பாக்குரல் வரும்? அவர் ஒன்றும் பேசவில்லை. மடியில் வைத்து உலக்கையால் இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். கணக்கெடுப்புக் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை. (மூன்று வீட்டில் சப்பாத்து அளவு பிழைத்தது. பக்கத்து வீடுகளோடு மாற்றிச் சரிக்கட்டிவிட்டோம், கவலைப்படாதீர்கள்.)

கிணறுகளைப் பற்றியும் எழுத வேண்டும். வோட்டர் பம்மோடு வந்த தம்பிமார் அன்றே இறைக்க நின்றார்கள். கிணறு வெட்டுகிற எங்கள் மாமா தடுத்தார்: "நிலம் ஊறிக் கிடக்கு தம்பி. உள்ளுக்க தண்ணி கொறஞ்சா வெளித் தண்ணி தள்ளிக் கிணத்துக் கட்டைச் சரிச்சுப்போடும்." படித்த பிள்ளைகள், கிழவன் சொன்னதைக் கேட்டு நின்றார்கள். குடிக்கப் போத்தல் தண்ணீரும் குளோரின் வில்லையும் தந்துவிட்டு, நிலத்து நீர் இறங்கிய பிறகு திரும்பி வந்தார்கள். கொஞ்சங் கொஞ்சமாக இறைத்து, சேறள்ளி, பி.எச்.ஐ. ஐயா (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொன்ன அளவுக்குக் குளோரின் தூள் கரைத்து ஊற்றி, ஒரு இரவு விட்டு, மணம் போகுமட்டும் மறுபடி இறைத்தார்கள். பதினொரு கிணறு. ஒன்றும் சரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். உதவி செய்து மதம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் உண்டு. எனக்கும் அந்த ஐமிச்சம் இருந்தது. கண்ணகி அம்மன் கோயில் மடத்தில்தான் சமைக்க வேண்டியிருந்தது. கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் திறப்பைத் தந்தபோது, "ஐயா, மடத்துக்குள்ள மரக்கறி மட்டும்தானே?" என்று கேட்டது நாங்கள் இல்லை, பாதர். டின் மீனைப் பெட்டியோடு வெளியிலேயே வைத்துவிட்டீர்கள். துண்டுப் பிரசுரம் ஒன்றும் வரவில்லை. ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று நானாகத்தான் லொறித் தம்பியைக் கேட்டேன். "மத்தேயு 25ஆம் அதிகாரத்தில இருக்கக்கா" என்றான். மகளின் போனில் தேடிப் படித்தேன். பசிக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், உடுப்பில்லாதவனுக்கு உடுப்பு என்று அங்கேயும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகத்தான் எழுதியிருக்கிறது. சிஸ்டரின் கொப்பியைப் போல.

காசு எங்கிருந்து வந்தது என்பதும் அவனிடமிருந்துதான் தெரிந்தது. கிறிஸ்மஸ் ஒளிவிழாவைச் சின்னதாக முடித்து, கரோலுக்கு வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததையும் எங்களுக்கே திருப்பியிருக்கிறீர்கள். அந்த வருடம் புது உடுப்பில்லாமல் கரோல் பாடிய உங்கள் கோயில் பிள்ளைகளுக்கு எங்கள் நன்றியைத் தனியாகச் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டு அண்டாவும் பெரிய அகப்பையும் மடத்திலேயே கிடக்கின்றன. கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். எடுக்க வருகிற அன்றைக்கு முன்கூட்டியே ஒரு போன் கோல் எடுங்கள். வெள்ளத்துக்குத் தப்பிய மேட்டு வயலில் அறுத்த நெல் கொஞ்சம் குத்தி வைத்திருக்கிறது. பகல் சாப்பாடு இங்கேதான்.

இப்படிக்கு,
செயலாளர்,
மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்,
படுவான்கரை.