தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய்

அம்பத்தூர்
16.11.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இன்று ஞாயிறு, பட்டறை லீவு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்பதோடு முடிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். உண்மைதான். நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்லவும் முடியாது.

தீபாவளிக்கு வருகிறேன் என்று ஆடி மாதமே சொன்னவன் நான்தான். உன் அம்மா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "அவன் இன்னும் வரலையா" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. தொண்ணூற்றொரு வயதில் அவர்களுக்கு என் ஞாபகம் இருப்பதே பெரிய விஷயம். நாம் திருநெல்வேலி பேட்டை ஐ.டி.ஐ.யில் படித்த இரண்டு வருஷமும் அம்பையிலிருந்து காலை பாசஞ்சரில் ஏறும்போது உன் பையில் இரண்டு தூக்குச் சட்டி இருக்கும். ஒன்று எனக்கு. எங்கள் வீட்டில் காலையில் அடுப்பு எரியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். என்னிடம் ஒருநாள்கூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்களைக் காக்க வைத்துவிட்டேன். வராமல் போனதற்குக் காரணத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

இப்போதெல்லாம் ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு. போன வருஷம் அக்டோபர் வரை 120 நாள் இருந்தது. அக்டோபர் 17 இரவு கிளம்ப வேண்டும் என்றால் ஆகஸ்ட் 18 காலை எட்டு மணிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். அன்று காலை ஆறரைக்கே கவுன்டர் வாசலில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நான்கு பேர்தான். நம்பிக்கையாக இருந்தது. என் முறை வந்தபோது மணி எட்டு ஏழு. நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இரண்டுமே வெயிட்டிங் லிஸ்ட், இருநூறைத் தாண்டி. ஏழே நிமிடம். கவுன்டரில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, எடுத்தாலும் கன்ஃபார்ம் ஆகாது" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் மேல் ஒரு குறையும் இல்லை.

சரி, பஸ்ஸில் வரலாம் என்று பார்த்தேன். தனியார் பஸ்ஸில் அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஆளுக்கு 2,600 ரூபாய். சாதாரண நாளில் இதே பஸ் தொள்ளாயிரம், ஆயிரத்துக்குள் வரும். நானும் வீட்டுக்காரியும் இரண்டு பேர், போக வர என்றால் பத்தாயிரத்துக்கு மேல். அரசு சிறப்பு பஸ் இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஆனால் அது கிளாம்பாக்கத்திலிருந்து புறப்படுகிறது. 2023 டிசம்பர் 30 அன்று அங்கே புது பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். அதற்கு முன் தென் மாவட்டத்துக்குப் போக கோயம்பேடு போனால் போதும். இங்கிருந்து அரை மணி, முக்கால் மணி நேரம். இப்போது நான் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், ரோட்டைத் தாண்டி பார்க் ஸ்டேஷனுக்கு மாறி, செங்கல்பட்டு வண்டி பிடித்து, வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். அவளுக்கு முழங்கால் வலி, மூட்டையோடு படி ஏறி இறங்க முடியாது. பண்டிகை நாளில் ஊருக்கு பஸ் ஏறுவதற்கே மூன்று மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

நிலையத்தை அங்கே கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. கோயம்பேட்டில் பண்டிகைக்குப் பண்டிகை வண்டிகள் நகர முடியாமல் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கட்டிடமும் விசாலமாக, சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதன் எதிரிலேயே தண்டவாளம் ஓடுகிறது. ரயில் நின்று ஆள் இறங்க ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம்தானே? பஸ் நிலையம் திறந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, ஸ்டேஷன் இன்னும் திறக்கவில்லை. திட்டம் போடுகிற மேசையைச் சுற்றி, கையில் பையோடு பஸ்ஸுக்குப் போகிற ஒருத்தராவது உட்கார்ந்திருந்தால், முதலில் ஸ்டேஷன், பிறகு பஸ் நிலையம் என்ற வரிசை மாறியிருக்காது.

இன்னொன்றையும் சொல்கிறேன். 2020 மார்ச் வரை அறுபது வயதான ஆண்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. கொரோனா பரவுகிறது, வயதானவர்கள் பயணம் செய்ய வேண்டாம் என்று அப்போது நிறுத்தினார்கள். அது சரிதான். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. கேட்டால், எல்லாப் பயணிகளுக்கும் சராசரியாக 46 சதவீதம் ஏற்கெனவே தள்ளுபடிதான் என்று பாராளுமன்றத்தில் பதில் சொல்கிறார்கள். அந்த மாதிரித் தள்ளுபடி 2019-லும் இருந்ததுதானே மாப்பிள்ளை? அதற்கு மேலே கிழவன் கிழவிக்கு என்று கொடுத்ததைத்தானே எடுத்திருக்கிறார்கள்? போன ஜூலையில் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏ.சி. இல்லாத பெட்டிக்குக் கிலோமீட்டருக்கு ஒரு பைசா கூட்டியதைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். திருநெல்வேலி வரைக்கும் ஆறேழு ரூபாய்தான். எடுத்ததைத் திருப்பித் தராததுதான் மனசில் நிற்கிறது.

இவ்வளவு கணக்குப் பார்க்கிறானே என்று நினைப்பாய். நீ விவசாயம், உனக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அதனால் என் பென்ஷன் எவ்வளவு என்று நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. 2,840 ரூபாய். 2017 ஜூன் 30 அன்று கம்பெனியை விட்டு வெளியே வந்தேன். மறுநாள்தான் ஜி.எஸ்.டி. தொடங்கியது, அதனால் தேதி மறக்கவே மறக்காது. முப்பத்தாறு வருஷம் ஒரே கம்பெனியில் இரும்பு கடைகிற லேத் ஓட்டியதற்கு 2,840. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு ரூபாய் ஏறவில்லை, இனியும் ஏறாது. இந்த 1995-ம் வருஷத்து பி.எஃப். பென்ஷன் திட்டத்தில், விலைவாசிக்கேற்ப ஏறும் பஞ்சப்படி என்று ஒன்று கிடையவே கிடையாது. நான் வெளியே வந்தபோது பெட்ரோல் லிட்டர் எழுபது ரூபாய்க்குள் இருந்தது, இன்று நூறைத் தாண்டி நிற்கிறது. என் பென்ஷன் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கணக்கு எப்படி என்றால், கம்பெனி நம் பேரில் கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். ஆனால் நான் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் 6,500 ரூபாய்க்குத்தான் கணக்கு. அதாவது மாதம் 541 ரூபாய். 2014 செப்டம்பரில்தான் அந்த 6,500-ஐ 15,000 ஆக்கினார்கள். அதற்குள் எனக்கு மூன்று வருஷ சர்வீஸ்தான் பாக்கி. அதே செப்டம்பரில் குறைந்தபட்ச பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் அதே ஆயிரம். நம் மாநில அரசு தரும் முதியோர் பென்ஷனே 1,200 ஆகிவிட்டது. அது எந்த சந்தாவும் கட்டாதவர்களுக்குத் தருவது, தர வேண்டியதுதான். மாதாமாதம் கட்டியவனுக்கு ஆயிரம் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது? எழுபது லட்சம் பேருக்கு மேல் இந்தத் திட்டத்தில் இருக்கிறோம். 7,500 ரூபாயும் பஞ்சப்படியும் வேண்டும் என்று டெல்லி வரை போய் எத்தனை தடவை உட்கார்ந்துவிட்டார்கள்.

போன மார்ச்சில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. எம்.பி.க்களின் மாதச் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ஆனது. முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷன் 25,000-லிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரலிலிருந்து முன்தேதியிட்டு. என்ன அடிப்படையில் என்றால், விலைவாசிக் குறியீட்டை வைத்து. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தானாக ஏறும்படி சட்டமே இருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விலைவாசி ஏறுகிறது, அதற்கேற்ப வருமானமும் ஏற வேண்டும் என்ற நியாயம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த நியாயம் நம்மிடம் வரும்போது மட்டும் ஏன் நிதி இல்லை என்று ஆகிவிடுகிறது? பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுச் செலவைப் பற்றி அதிகம் எழுதவில்லை, உனக்கும் தெரிந்ததுதான். சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு, மேலே தூக்கிக் கொண்டுவருபவருக்குத் தனி. வாடகை 9,500. பையன் கொஞ்சம் அனுப்புகிறான், நான் வாரம் மூன்று நாள் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்று கிடைப்பது பெரிய உதவி, அதை மறைக்கக் கூடாது. ஆனால் தேங்காய் எண்ணெய் இந்த வருஷம் லிட்டர் நானூறைத் தாண்டியதும் அவள் தலைக்கு மட்டும் என்று நிறுத்திவிட்டாள். உன் தோப்பில் இந்த வருஷமாவது காய்க்கு நல்ல விலை கிடைத்தது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. எத்தனை வருஷம் வெட்டுக்கூலிக்கே கட்டவில்லை என்று காயை மரத்திலேயே விட்டாய். உனக்கு நல்ல விலை கிடைக்கட்டும், நான் எண்ணெயைக் குறைத்துக்கொள்கிறேன். இரண்டு பேரும் வாழும்படி ஒரு விலை இருக்க முடியாதா என்பதுதான் என் கேள்வி. அதைத் தேர்தல் மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மேடை என்றதும் ஞாபகம் வருகிறது. ஓட்டர் லிஸ்ட் திருத்தத்துக்கு உங்கள் பக்கம் படிவம் வந்துவிட்டதா? இங்கே போன வாரம் ஒரு அங்கன்வாடிப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், வேலை முடித்துவிட்டு இருட்டிய பிறகு வீடு வீடாக ஏறுகிறாள். 2002 அல்லது 2005 பட்டியலில் நம் பெயர் எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று எழுத வேண்டும். நாற்பத்துநான்கு வருஷத்தில் நான் ஏழு வாடகை வீடு மாறியிருக்கிறேன். அந்தச் சமயம் பாடியில் இருந்தோமா, கொரட்டூரா என்று நானும் அவளும் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தோம். கடைசியில் பையனின் பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்த்துக் கொரட்டூர் என்று தெரிந்தது. பெயர் கிடைத்துவிட்டது. சொந்த வீடு இல்லாதவர்கள், வேலை தேடி ஊர் மாறியவர்கள் இதில் எத்தனை பேர் விடுபடப் போகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. நீ அம்மாவின் படிவத்தை மறக்காமல் கொடு. அந்த வயதில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு விரலைக் காட்டுகிறவர்கள், பெயர் இல்லை என்றால் தாங்கமாட்டார்கள்.

லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போனபோது என் கட்டைவிரல் ரேகை மூன்று தடவையும் பதியவில்லை. இரும்பு பிடித்துத் தேய்ந்துவிட்டது. பிறகு அங்கே வேலை பார்க்கும் பையன் போனில் முகத்தைப் படம் பிடித்து முடித்துக் கொடுத்தான். உயிரோடு இருக்கிறேன் என்று இன்னும் ஒரு வருஷத்துக்குக் கணக்காகிவிட்டது.

நேற்று முன்தினம், 14-ம் தேதி, ஜனவரி 13-க்கு டிக்கெட் திறந்தது. பொங்கலுக்காவது வந்துவிடலாம் என்று ஐந்தரைக்கே போனேன். மறுபடியும் வெயிட்டிங் லிஸ்ட். அதனால் பண்டிகையை விட்டுவிட்டேன். ஜனவரி 20 இரவு கிளம்பலாம் என்று இருக்கிறோம். அதற்கு இந்த வெள்ளிக்கிழமை, 21-ம் தேதி காலை போய் நிற்பேன். கூட்டம் இல்லாத நாள், கிடைத்துவிடும். அவளுக்குக் கீழ் பெர்த் கேட்டு எழுதிவைத்துவிட்டேன்.

கிடைத்த உடனே போன் பண்ணுகிறேன், அதுவரை அம்மாவிடம் தேதி சொல்லாதே. டிக்கெட் கையில் வந்த பிறகு சொல். அப்புறம், திருநெல்வேலியிலிருந்து அம்பைக்கு பஸ் வேண்டாம், செங்கோட்டை பாசஞ்சரிலேயே வருகிறோம். பேட்டை ஸ்டேஷனை அவளுக்குக் காட்ட வேண்டும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். உனக்குச் சுகர் எவ்வளவு இருக்கிறது என்று எழுதவே இல்லையே, எழுது.

என்றும் உன்,
தூக்குச் சட்டிக் கூட்டாளி