நானோ தோற்றதற்குச் சிங்கூர் மட்டுமா காரணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் வெளியான கட்டுரை, டாடா நானோ காரின் தோல்விக்குச் மேற்கு வங்கத்தின் சிங்கூரில் கார் ஆலைக்கு நிலம் எடுத்ததை எதிர்த்து நடந்த போராட்டத்தையே முதற்காரணமாகக் காட்டியிருந்தது. 2008 அக்டோபரில் ஆலை குஜராத்தின் சனந்த் நகருக்கு மாற்றப்பட்டதால் காலமும் பணமும் வீணானது உண்மைதான். ஆனால், கார் கிடைக்காததுதான் சிக்கலாக இருந்திருந்தால், ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார்களைத் தயாரிக்கவல்ல சனந்த் ஆலை 2010 ஜூனில் திறக்கப்பட்ட பின் விற்பனை பெருகியிருக்க வேண்டும். அவ்வாண்டு நவம்பரில் விற்றவை வெறும் 509 கார்கள். சில கார்கள் தீப்பிடித்த செய்திகளும், எளிய வருவாய்க்காரர்களுக்கு வாகனக் கடன் கிடைக்காததும் இதற்கு ஓரளவே காரணம்.

மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் நால்வராகச் செல்லும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான வாகனம் தர வேண்டும் என்று ரத்தன் டாடா எண்ணினார். தேவையைக் கண்டதில் பிழையில்லை. ஆனால் அக்குடும்பம் கார் வாங்கத் துணிந்தபோது, நானோவைத் தன் ஸ்கூட்டரோடு ஒப்பிடவில்லை. ஏறத்தாழ அதே விலைக்குக் கிடைத்த பழைய மாருதி 800 காரோடுதான் ஒப்பிட்டது. நம் வீடுகளில் கார் என்பது சொந்தபந்தங்களின் முன் ஒரு படி உயர்ந்ததற்கான அடையாளமும்கூட. இது சரியா என்பது வேறு கேள்வி. உலகிலேயே மலிவானது என்று ஊரறிந்த காரை வாசலில் நிறுத்த அக்குடும்பம் தயங்கியதில் வியப்பில்லை. அப்படி முத்திரை குத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னர் ஒப்புக்கொண்டார்.

2008 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் அறிவித்த ஒரு லட்சம் ரூபாய் விலையும் நிறுவனத்தின் கையைக் கட்டிப்போட்டது. அந்தத் தொகை மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டதால், மூலப்பொருள் செலவை ஈடுகட்ட விலையை உயர்த்தியபோதெல்லாம் அது வாக்குத் தவறியதாகவே தோன்றியது. விலைக்குள் அடக்குவதற்காக, பின்புறம் திறக்கும் கதவுகூட விடப்பட்டது. 2015-இல் அது வந்தபோது காரின் விலை இரண்டு லட்சத்தைத் தொட்டிருந்தது.

2009-இல் குவிந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகளைக் கட்டுரையாளர் தேவைக்குச் சான்றாகக் காட்டுகிறார். உற்பத்திக்குத் தடையில்லாத 2011-12-ஆம் நிதியாண்டில், அதாவது நானோவின் மிகச் சிறந்த ஆண்டில்கூட, விற்பனை ஏறத்தாழ 74,500-ஐத் தாண்டவில்லை. அந்த ஆண்டின் கணக்கையும் கட்டுரையாளர் எடுத்துக்கொண்டு தம் முடிவை மீண்டும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓசூர்.